கிளை என்க்ரிப்டர்களில் ஸ்மார்ட் கார்டும் சான்றிதழும்: ரீபூட் ஆனதும் பின் கேட்டு நிற்கிறது, ஒரு கிளையில் டன்னலே வரவில்லை

கம்பிவடம்:

வணக்கம். தலைமையகத்தையும் கிளைகளையும் இணைக்க ஐபிசெக் என்க்ரிப்டர் பெட்டிகள் (இணைப்பின் மேல் மறையாக்கிய பாதை, அதாவது டன்னல், அமைக்கும் கருவிகள்) வைத்திருக்கிறோம். இத்தனை நாளும் பிஎஸ்கே-யில்தான் ஓடின. எல்லாப் பெட்டிக்கும் ஒரே ரகசியச் சொல். ஒரு பெட்டி தொலைந்தால் எல்லாவற்றிலும் சொல்லை மாற்ற வேண்டும் என்பதால் அதைக் கைவிட்டுச் சான்றிதழுக்கு மாறச் சொல்லிவிட்டார்கள். சரியான முடிவுதான், அதை ஒழுங்காகச் செய்து முடிக்க வேண்டும் என்பதே என் கவலை.

பெட்டியின் முன்பக்கத்தில் ஸ்மார்ட் கார்டு ரீடர் இருக்கிறது. உள்ளே லினக்ஸும் ஸ்ட்ராங்ஸ்வான் என்ற ஐபிசெக் மென்பொருளும் ஓடுகின்றன. கார்டுகள் பிஐவி வகை (அடையாளக் கார்டுகளுக்கான ஒரு தரநிலை). கார்டுக்குள்ளேயே சாவியை உருவாக்கி, எங்கள் உள் சிஏ-யில் (சான்றிதழ் வழங்கும் அமைப்பில்) கையெழுத்து வாங்கி, சான்றிதழைத் திரும்ப ஏற்றிவிட்டேன். சோதனை மேசையில் எல்லாம் வேலை செய்தது. கிளைக்குப் போனதும் சிக்கல்கள்.

முதலாவது, மின்சாரம் போய் வந்தால் பெட்டி பின் எண் கேட்டு நின்றுவிடுகிறது. கிளையில் அந்த நேரத்தில் யாரும் இருப்பதில்லை. பின் எண்ணைக் கான்ஃபிக் கோப்பில் எழுதிவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். அப்படி எழுதினால் கார்டு எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, ஒரே ஒரு கிளையில் சான்றிதழோடு டன்னல் வருவதே இல்லை. பிஎஸ்கே-க்குத் திரும்பினால் உடனே வருகிறது. லாக்கில் தெளிவான பிழை எதுவும் இல்லை, மறுபடி மறுபடி அனுப்பிவிட்டுக் கைவிடுகிறது.

மூன்றாவது, பெட்டியை நிர்வகிக்க நாங்கள் உள்ளே நுழைவதற்கும் ஸ்மார்ட் கார்டு வேண்டும் என்கிறார்கள். இதே கார்டையே பயன்படுத்தலாமா? ரீடர் ஒன்றுதான் இருக்கிறது.

சாவிக்கொத்து:

நண்பரே, உங்கள் முதல் கேள்வியும் மூன்றாவது கேள்வியும் உண்மையில் ஒரே கேள்வி. கார்டு யாரை அடையாளம் காட்ட வேண்டும், மனிதரையா பெட்டியையா? இதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிக்காமல் ஆரம்பித்த ஒவ்வொரு அமைப்பிலும் கடைசியில் பின் எண் ஏதாவது ஒரு கோப்பில் போய் உட்கார்ந்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

மனிதருக்குக் கார்டு அருமையான பொருள். கையில் ஒன்று, மனதில் ஒன்று. பின் எண்ணை அவரே தட்டுகிறார், வேலை முடிந்ததும் கார்டை எடுத்துக்கொண்டு போகிறார். பெட்டிக்கு மனது கிடையாது. பின் எண்ணை எங்காவது எழுதி வைத்தால்தான் அதனால் தானாக எழுந்திருக்க முடியும். கார்டை ரீடரிலேயே விட்டுப் பின் எண்ணையும் கான்ஃபிக்கில் எழுதுவது, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான்.

ஆனால் அதில் பயனே இல்லை என்றும் சொல்லமாட்டேன். தனிச்சாவி கார்டை விட்டு வெளியே வராது. கோப்பில் கிடக்கும் சாவியை ஒருவர் நகல் எடுத்துப்போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கார்டு போனால் போனது தெரியும், சான்றிதழை ரத்து செய்யலாம். அந்த ஆதாயம் உண்மையானது. அதை இரண்டு காரணிப் பாதுகாப்பு என்று ஆடிட் அறிக்கையில் எழுதுவதுதான் தவறு.

என் பரிந்துரை இது. பெட்டியின் அடையாளத்துக்கு உள்ளேயே பதிந்திருக்கும் டிபிஎம் சில்லைப் பயன்படுத்துங்கள். உங்கள் பெட்டியில் டிபிஎம் 2.0 இருந்தால் ஸ்ட்ராங்ஸ்வான் அதோடு நேரடியாகப் பேசும். சாவி அங்கேயே பிறந்து அங்கேயே இருக்கும், ரீபூட்டில் ஆள் தேவையில்லை. முன்பக்க ரீடரை மனிதர்களுக்கு விட்டுவிடுங்கள். நிர்வாகத்துக்குள் நுழைபவர் தன் கார்டைச் செருகிப் பின் தட்டட்டும். தொலைவிலிருந்து வருபவர் தன் மடிக்கணினியில் கார்டைச் செருகிக்கொண்டால் போதும். தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எச், பிகேசிஎஸ்#11 என்ற இடைமுகம் வழியாகக் கார்டோடு பேசும், 5.4-ஆம் பதிப்பிலிருந்தே அந்த வசதி இருக்கிறது.

டிபிஎம் இல்லை, கார்டுதான் வழி என்றால் ஒரு முடிவை எழுத்தில் எடுக்க வேண்டும். கிளையில் ஆள் வந்து பின் தட்டும்வரை டன்னல் இல்லாமல் இருப்பது ஏற்றுக்கொள்ளக்கூடியதா? சில இடங்களில் அதுதான் வேண்டும். 1987-ல் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை (என்எஸ்ஏ) அறிமுகப்படுத்திய எஸ்டியூ-III பாதுகாப்புத் தொலைபேசி அப்படித்தான் இருந்தது. பிளாஸ்டிக் சாவியைச் செருகித் திருப்பினால்தான் அது மறையாக்கிப் பேசும். சாவியைக் கழற்றி எடுத்துவிட்டால் அது சாதாரணத் தொலைபேசி, வேறு கருவியில் செருகினால் அந்தச் சாவிக்கும் மதிப்பில்லை. பெட்டி திருடுபோகும் ஆபத்து பெரிதாக இருந்த இடத்துக்கு அது சரியான வடிவமைப்பு. உங்கள் கிளையில் இரவு முழுக்கத் தரவு போக வேண்டும் என்றால் அது உங்களுக்குப் பொருந்தாது.

கார்டை வைத்தே ஓட்டப் போகிறீர்கள் என்றால், சாவியை எந்த இடத்தில் உருவாக்கினீர்கள் என்று பாருங்கள். பிஐவி கார்டில் 9ஏ, 9சி, 9டி, 9இ என்று நான்கு முக்கிய இடங்கள். 9சி மனிதர் ஆவணத்தில் கையெழுத்திடுவதற்கானது, ஒவ்வொரு கையெழுத்துக்கும் பின் கேட்கும். டன்னல் சாவியை அங்கே வைத்தால் முதல் இணைப்பு வரும், அடுத்த முறை அடையாளம் காட்டும்போது பின் மறுபடி கிடைக்காவிட்டால் தோற்கும். 9ஏ-வில் ஒரு அமர்வுக்கு ஒருமுறை பின் போதும். 9இ பின் எண்ணே கேட்காது. பின் எண்ணைக் கோப்பில் எழுதி வைப்பதற்குப் பதில் 9இ-யில் சாவியை வைப்பது குறைந்தபட்சம் நேர்மையான அமைப்பு, இல்லாத பாதுகாப்பை இருப்பதாகக் காட்டாது.

இன்னொன்று, பின் எண்ணைக் கோப்பில் எழுதியவர்களுக்குத் தவறாமல் வரும் வினை. ஒருவர் கொள்கைப்படி கார்டின் பின்னை மாற்றுவார், கோப்பில் மாற்ற விட்டுப்போகும். பெட்டி பழைய எண்ணைத் தானாகவே மீண்டும் மீண்டும் முயலும். பெரும்பாலான கார்டுகளில் தவறான முயற்சிக்கு மூன்று வாய்ப்புத்தான், சில நொடிகளில் கார்டு பூட்டிக்கொள்ளும். அப்புறம் பியூகே எண் (பூட்டிய கார்டைத் திறக்கும் எண்) வைத்திருப்பவர் நேரில் போக வேண்டும். பியூகே-யைக் கார்டு வந்தபோது இருந்த இயல்பு எண்ணாகவே விட்டிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். யூபிகீ போன்ற யூஎஸ்பி சாவிக்கருவிகளில் அது 12345678, பின் 123456. உலகத்துக்கே தெரிந்த எண்கள்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். மனிதர்களின் கார்டுக்கும் பெட்டிகளின் சான்றிதழுக்கும் ஒரே இடைநிலை சிஏ-யிடம் (தலைமையான ரூட் சிஏ-யின் கீழ் இயங்கும் சிஏ) கையெழுத்து வாங்காதீர்கள். தலைமையகப் பெட்டி "எங்கள் சிஏ கையெழுத்திட்ட யாராக இருந்தாலும் சரி" என்று அமைக்கப்பட்டிருந்தால், ஒரு நிர்வாகியின் கார்டை மடிக்கணினியில் செருகி அவர் ஒரு கிளை போலவே டன்னல் அமைக்க முடியும். ஒரு கிளைப் பெட்டி தன்னைத் தலைமையகம் என்று இன்னொரு கிளையிடம் காட்டவும் முடியும். பெட்டிகளுக்குத் தனி இடைநிலை சிஏ, மனிதர்களுக்குத் தனி. அதோடு ஒவ்வொரு கிளையின் கான்ஃபிக்கிலும் எதிர்முனையின் அடையாளப் பெயரை முழுதாக எழுதுங்கள், நட்சத்திரக் குறி வேண்டாம். அந்தப் பெயர் சான்றிதழின் மாற்றுப் பெயர்ப் புலத்தில் அப்படியே இருக்க வேண்டும்.

பெட்டியோடு வந்த பொது சிஏ பட்டியலையும் அழித்துவிடுங்கள். 2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் சிஏ-க்குள் புகுந்தவர்கள் 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள், கூகுளின் பெயரிலும் ஒன்று. உங்கள் டன்னலுக்கு உலகின் எந்தப் பொது சிஏ-யையும் நம்ப வேண்டிய தேவை இல்லை.

இரண்டாவது கேள்விக்குக் கேப்சர் (நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளின் பதிவு) இல்லாமல் ஊகிக்க விரும்பவில்லை.

இரவுப்பணி:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், இதை அடிக்கடி பார்க்கிறேன். பிஎஸ்கே வேலை செய்கிறது, சான்றிதழ் செய்யவில்லை, பிழை எதுவும் இல்லை, வெறும் மறுஅனுப்பல் என்றால் முதல் சந்தேகம் பாக்கெட்டின் அளவு.

டன்னலை அமைக்க இரு முனைகளும் பேசிக்கொள்ளும் ஐகேஇவி2 நெறிமுறையில் முதல் பரிமாற்றம் சிறியது, சில நூறு பைட்தான். அது போய் வந்துவிடும். இரண்டாவது பரிமாற்றத்தில்தான் சான்றிதழ் போகிறது. ஆர்எஸ்ஏ 2048 சான்றிதழ், கூடவே இடைநிலை சிஏ-யின் சான்றிதழ், கையெழுத்து எல்லாம் சேர்ந்தால் 1500 பைட்டைத் தாண்டிவிடும். அப்போது அந்த யூடிபி பாக்கெட்டை ஐபி அடுக்கு துண்டாக்கும். முதல் துண்டில் மட்டுமே போர்ட் எண் இருக்கும், அடுத்த துண்டில் இருக்காது. 500, 4500 போர்ட்டுகளை மட்டும் அனுமதிக்கும் ஃபயர்வாலோ இணைப்பு நிறுவனத்தின் நேட் (முகவரி மாற்றும்) கருவியோ இரண்டாவது துண்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். பிஎஸ்கே-யில் சான்றிதழே போகாததால் பாக்கெட் சிறியது, அதனால் அது பிழைக்கிறது.

கிளையிலும் தலைமையகத்திலும் ஒரே நேரத்தில் டிசிபிடம்ப் கருவியால் பாக்கெட் பதிவு எடுங்கள். போர்ட்டை வைத்து வடிகட்டாதீர்கள், வடிகட்டினால் அந்த இரண்டாவது துண்டு உங்கள் கண்ணுக்கும் தெரியாது. எதிர்முனையின் ஐபி முகவரியை வைத்து வடிகட்டுங்கள். கிளையில் இரண்டு துண்டும் கிளம்பி, தலைமையகத்தில் ஒன்று மட்டும் வந்தால் நோய் உறுதி.

மருந்து 2014-ல் வந்த ஆர்எஃப்சி 7383 என்ற இணையத் தர ஆவணம். ஐகேஇ தன் செய்தியைத் தானே சிறு சிறு செய்திகளாகப் பிரித்து அனுப்பும், ஒவ்வொன்றுக்கும் போர்ட் எண் இருக்கும். இரண்டு முனையும் அதை ஆதரிப்பதாக முதல் பரிமாற்றத்திலேயே சொல்லிக்கொள்ள வேண்டும், ஒரு முனை மட்டும் இயக்கினால் பலன் இல்லை. ஸ்ட்ராங்ஸ்வானில் துண்டின் இயல்பு அளவு 1280 பைட், பெரும்பாலும் அதுவே போதும்.

அப்புறம், ரூட் சான்றிதழை அனுப்பாதீர்கள். எதிர்முனையிடம் அது ஏற்கெனவே இருக்க வேண்டும், அனுப்புவதால் பாக்கெட் வீங்குவது ஒன்றுதான் மிச்சம். புதிதாகச் சாவி உருவாக்குவதாக இருந்தால் ஆர்எஸ்ஏ-வுக்குப் பதில் ஈசிடிஎஸ்ஏ பி-256 வகையை எடுங்கள். சான்றிதழும் சிறியது, கார்டு கையெழுத்திடுவதும் வேகம்.

மலைப்பாதை:

ஈசிடிஎஸ்ஏ-வுக்கு இன்னொரு காரணமும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையிருப்பில் பழைய கார்டுகள் இருந்தால் ரோகா குறைபாட்டுக்குச் சோதியுங்கள், எண் சிவிஇ-2017-15361. இன்ஃபினியான் சில்லுகளின் மென்பொருள் நூலகம் ஆர்எஸ்ஏ சாவியைப் பலவீனமாக உருவாக்கியது. பொதுச்சாவி மட்டும் கையில் இருந்தாலே தனிச்சாவியைக் கணக்கிட்டு எடுக்க முடிந்தது. எஸ்டோனியாவில் சுமார் 7,50,000 அடையாள அட்டைகள் பாதிக்கப்பட்டு, 2017 நவம்பரில் அவற்றின் சான்றிதழ்களை நிறுத்தி வைத்தார்கள். யூபிகீ 4-இன் சில பதிப்புகளிலும் இருந்தது, சில டிபிஎம்களிலும் இருந்தது. அதனால் டிபிஎம்முக்கு மாறினாலும் ஃபர்ம்வேர் பதிப்பைப் பார்த்த பிறகே சாவி உருவாக்குங்கள். சான்றிதழைக் கொடுத்தால் சொல்லிவிடும் சோதனைக் கருவிகள் இருக்கின்றன.

கம்பிவடம்:

எல்லாருக்கும் நன்றி. இரவுப்பணி சொன்னது அப்படியே இருந்தது. கிளையிலிருந்து இரண்டு துண்டு கிளம்புகிறது, தலைமையகத்தில் ஒன்றுதான் வருகிறது. ஐகேஇ துண்டாக்கத்தை இரண்டு பக்கமும் இயக்கினேன், டன்னல் வந்துவிட்டது.

பெட்டிகளில் டிபிஎம் 2.0 இருக்கிறது, பயாஸில் அணைத்து வைத்திருந்தார்கள். ஃபர்ம்வேரைச் சரிபார்த்துவிட்டு அதற்கே மாறுகிறோம். கார்டு இனி மனிதர்களுக்கு மட்டும்.

இப்போது வேறு கவலை. ஒரு கிளைப் பெட்டியின் சான்றிதழைச் சோதனைக்காக ரத்து செய்தேன், சிஆர்எல்-உம் (ரத்துப் பட்டியலும்) வெளியிட்டேன். டன்னல் விழவே இல்லை, தரவு போய்க்கொண்டே இருக்கிறது. இது சரியா?

சாவிக்கொத்து:

நல்ல வேளை சோதித்துப் பார்த்தீர்கள். பலர் உண்மையான திருட்டு நடந்த பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஐகேஇவி2-வில் சாவிகளைப் புதுப்பிப்பது வேறு, அடையாளத்தை மறுபடி சரிபார்ப்பது வேறு. சாவி புதுப்பிப்பில் சான்றிதழ் எட்டிப்பார்ப்பதே இல்லை, ஏற்கெனவே நம்பிய எதிர்முனையோடு புதிய சாவிகளை மாற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். சான்றிதழும் கையெழுத்தும் புதிதாகத் தொடங்கும் இணைப்பில் மட்டும்தான் வரும். ஸ்ட்ராங்ஸ்வானில் புதுப்பிப்பு இயல்பாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, மறுசரிபார்ப்பு இயல்பாகப் பூஜ்யம், அதாவது ஒருபோதும் இல்லை. நீங்கள் ரத்து செய்த பெட்டி ரீபூட் ஆகும்வரை, அல்லது இணைப்பு அறுந்து மீளும்வரை, உள்ளேயே இருக்கும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். சான்றிதழ் காலாவதியானாலும் டன்னல் விழாது. நாட்கள் கழித்து ஒரு மின்தடையில் பெட்டி ரீபூட் ஆகும்போதுதான் விழும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே வாரத்தில் சான்றிதழ் கொடுத்திருந்தால், யார் எப்போது விழுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. காலாவதியின் வலிமைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் 2018 டிசம்பர் 6. எரிக்சன் மென்பொருளுக்குள் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, பிரிட்டனில் ஓ2-வும் ஜப்பானில் சாஃப்ட்பேங்கும் ஒரே நாளில் சேவை இழந்தன.

அதனால் மறுசரிபார்ப்பு நேரத்தைக் கட்டாயம் வையுங்கள், ஒரு நாளுக்கு ஒருமுறை போதும். பழைய இணைப்பை அறுக்கும் முன் புதியதை எழுப்பும் வழியைத் தேர்ந்தெடுத்தால் தரவு தடைபடாது. அவசரமாக ஒருவரை வெளியேற்ற வேண்டுமென்றால் ரத்து செய்வதோடு நிற்காமல் தலைமையகத்தில் அந்த இணைப்பைக் கையாலேயே அறுங்கள். இந்த இரண்டு படிகளும் ஒரே நடைமுறைத் தாளில், இந்த வரிசையில் இருக்க வேண்டும். வரிசை மாறினால் அறுத்த பெட்டி உடனே திரும்ப நுழைந்துவிடும்.

ரத்துப் பட்டியலை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். சிஆர்எல் முகவரி டன்னலுக்கு உள்ளே இருக்கும் சர்வரில் இருந்தால், டன்னல் எழுவதற்குப் பட்டியல் வேண்டும், பட்டியல் கிடைக்க டன்னல் வேண்டும். கண்டிப்பான அமைப்பில் பெட்டி அங்கேயே நின்றுவிடும். பட்டியலில் சிஏ-யின் கையெழுத்து இருப்பதால் அதை மறையாக்கம் இல்லாத வழியில் வெளியே வைப்பதில் ஆபத்து இல்லை. கண்டிப்பை முழுதாகத் தலைமையகத்தில் வையுங்கள், கிளையில் தளர்வாக விடலாம். திருடுபோகக்கூடிய பெட்டிகள் எல்லாம் வந்து சேர்வது தலைமையகத்தில்தானே. ஆனால் கண்டிப்பாக வைத்தால் சிஆர்எல்-இன் அடுத்த வெளியீட்டுத் தேதி தவறவே கூடாது. தவறினால் எல்லாக் கிளையும் சேர்ந்து விழும். ரூட் சிஏ-யை அணைத்துப் பூட்டி வைத்திருப்பவர்கள் அதன் சொந்தப் பட்டியலை மறந்துவிடுவார்கள், நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கடிகாரத்துக்கும் இதே சிக்கல் உண்டு. உள் பேட்டரி தீர்ந்த பெட்டி ரீபூட் ஆனால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போகும், சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை என்று தள்ளிவிடும். சரியான நேரம் தரும் என்டிபி சர்வர் டன்னலுக்குள் மட்டும் இருந்தால் மீட்சி இல்லை. வெளி இணைப்பில் எட்டக்கூடிய ஒன்றையாவது கொடுங்கள். என்டிபி-க்கென 2020-ல் வந்த என்டிஎஸ் பாதுகாப்போடு கொடுக்க முடிந்தால் நல்லது, ஆனால் அதன் சர்வர் சான்றிதழைச் சரிபார்க்கவும் ஓரளவு சரியான நேரம் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்ட்ராங்ஸ்வானில் சிஸ்டைம்-ஃபிக்ஸ் என்று ஒரு பிளகின் இருக்கிறது, நேரம் சரியாகும்வரை ஆயுள் சோதனையைத் தள்ளிப்போடும். பேட்டரியை மாற்றுவது அதைவிட நல்லது.

கம்பிவடம்:

மறுசரிபார்ப்பு வைத்தாயிற்று, ரத்து செய்த பெட்டி வெளியே போய்விட்டது. கடைசியாக ஒன்று. நிர்வாகிகள் எல்லாரும் கார்டுக்கு மாறிய பிறகு கடவுச்சொல் நுழைவை முழுதாக மூடச் சொல்கிறார்கள். கார்டு சரிபார்ப்பே பழுதானால் என்ன செய்வது?

சாவிக்கொத்து:

நெட்வொர்க் வழியாக வரும் கடவுச்சொல்லை முழுதாக மூடுங்கள், அதில் அவர்கள் சொல்வது சரி. சீரியல் கன்சோலில் மட்டும் ஒரே ஒரு உள்ளூர்க் கணக்கை விடுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் வெவ்வேறு நீண்ட கடவுச்சொல், அச்சிட்டு முத்திரையிட்ட உறையில், கிளையில் அல்லாமல் தலைமையகப் பெட்டகத்தில். அந்தக் கணக்கில் யார் நுழைந்தாலும் உடனே எச்சரிக்கை போக வேண்டும். பயன்படுத்திய அன்றே கடவுச்சொல்லை மாற்றி உறையைப் புதிதாக ஒட்ட வேண்டும்.

ஒவ்வொரு நிர்வாகிக்கும் இரண்டு கார்டு கொடுங்கள், இரண்டும் வெவ்வேறு சாவி, வெவ்வேறு சான்றிதழ். ஒன்று தொலைந்தால் அதை மட்டும் ரத்து செய்துவிட்டு மற்றதில் வேலை தொடரும். நகல் கார்டு கேட்பவர்கள் வருவார்கள். சாவி கார்டுக்குள்ளேயே பிறந்திருந்தால் நகல் எடுக்க வழியே கிடையாது, அப்படித்தான் இருக்க வேண்டும். எடுக்க முடிகிறது என்று யாராவது சொன்னால் அந்தச் சாவி வெளியே உருவாகிப் பிறகு ஏற்றப்பட்டிருக்கிறது, அந்தக் கார்டுகளைத் திரும்ப வாங்கிப் புதிதாகச் செய்யுங்கள்.